திரவக் குழுவும் என் இடது முழங்காலும்

என் இடது முழங்கால் மடங்குவதற்கும் பிரெஞ்சு தேசத்துச் சிவப்பு ஒயினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். கேள்வி கேட்கிறவர்களுக்கென்று அந்த கிளப்பில் தனியாக ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் மிதிக்க மறந்ததையெல்லாம் நான்தான் மிதிக்க வேண்டும். ஊரார் மிதிக்காத கிளட்சை வருடக்கணக்காக மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துபோனது. படி ஏறினால் உள்ளே யாரோ மாவு அரைக்கிற மாதிரி சத்தம் வந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டே வழிதாம்மா. ஒண்ணு தண்ணி, இன்னொண்ணு கத்தி. ஆறு மாசம் தண்ணிக்குள்ள நடங்க, காலை உதைங்க. தசை இறுகிடுச்சுன்னா தப்பிச்சீங்க. இல்லேன்னா அறுக்கத்தான் வேணும். அதுக்கப்புறம் கிளட்ச் மிதிக்கறதை மறந்துடுங்க."

கிளட்சை மறந்துவிட்டு நான் என்ன செய்வது? வீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் போகிற வண்டிகளைப் பார்த்து "கியரை மாத்துடா" என்று கத்திக்கொண்டிருக்கவா? எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். பிடித்த தொழிலும் அதுதான்.

எங்கள் ஊரில் நீச்சல் குளம் ஒன்றே ஒன்று. அது கிளப்புக்குள் இருந்தது. நல்ல குளம், நீலமான தண்ணீர், ஒரு ஓரத்தில் படிகள், படிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி. தினமும் ஒருவர் வலை போட்டு இலை தழைகளை அள்ளுகிறார். சுற்றிலும் சாய்வு நாற்காலிகள். நான் விசாரிக்கப் போன அன்றைக்கு நாற்காலிகள் நிறைந்திருந்தன. தண்ணீரில் ஒரு குஞ்சு குருவிகூட இல்லை.

"இதுல யாரும் நீந்த மாட்டாங்களா சார்?" என்று கிளப் செயலாளரைக் கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீந்தறதா? இதை ரசிப்போம்மா."

ரசித்துவிட்டுப் போங்கள், எனக்கு நடக்க வேண்டும் என்று காலைக் காட்டினேன். அப்போதுதான் அவர் கிளப்பின் அமைப்பை எனக்கு விளக்கினார். ஸ்தாபகர்கள் ரொம்பத் தீர்க்கதரிசிகளாம். உலகத்திலுள்ள சகலத்தையும் திடம், திரவம், மற்றவை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நாற்காலி, மேஜை, கட்டடம் எல்லாம் திடக் குழு. டீ, ஒயின், சாக்கடை, நீச்சல் குளம் எல்லாம் திரவக் குழு. உறுப்பினர்கள் 'மற்றவை'யில் வருகிறார்கள்.

"திரவக் குழுத் தலைவர் பெரிய ஒயின் ரசிகர். அவர் வந்ததுக்கப்புறம் எந்தத் திரவத்தைத் தொடணும்னாலும் திரவத் தேர்ச்சி வேணும்னு விதி பண்ணிட்டார். வருஷா வருஷம் சிவப்பு ஒயின் ஒப்பீட்டு மாலை நடக்கும். மூணு ஊர் ஒயினை ருசி பாத்து வித்தியாசம் சொல்லணும். அதுல பாஸ் பண்ணணும்."

"எனக்கு ஒயின் வேண்டாமே சார். தண்ணிதான் வேணும்."

"ரெண்டும் திரவம்தானே?" என்றார். தோட்டத்துக்கு ஒரு குழாய் வேண்டுமென்று கேட்ட உறுப்பினர் ஒருவர் அந்தத் தேர்வில் தோற்றுப்போனதையும் சொன்னார். வெளியே வரும்போது தோட்டத்தைப் பார்த்தேன். முழுக்கக் காய்ந்து கிடந்தது.

வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்தேன். "கத்தியே தேவலை" என்றேன். என் வீட்டுக்காரர்தான் விடவில்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்ப்பவர். வம்பு தும்புக்குப் போகாத மனிதர். கடையில் மீதிச் சில்லறை குறைத்துக் கொடுத்தால் நன்றி சொல்லிவிட்டு வருவார். அப்படிப்பட்டவர், தம்பதியாக வந்தால்தான் தேர்வுக்குச் சேர்ப்பார்கள் என்று தெரிந்ததும் ஒரு மாதம் ராத்தூக்கம் இல்லாமல் ஒயின் படித்தார். போர்தோ, ரோன், பர்கண்டி என்று பிரெஞ்சு தேசத்தில் ஒயினுக்குப் பேர்போன மூன்று வட்டாரங்களாம். எங்கள் வீட்டில் ஒயின் ஏது? டீயைக் கோப்பையில் ஊற்றி, ஒயினைச் சுழற்றுகிற மாதிரி சுழற்றிப் பழகினார். பாதி டீ படுக்கை விரிப்பில்தான் போயிற்று.

"போர்தோவா, நாக்கு வறளும். ரோன்னா மிளகு. பர்கண்டின்னா ஈர மண்ணு, காளான், தூரத்துல ஒரு செர்ரி. எங்கே, சொல்லு பாப்போம்."

"செர்ரியை நீங்க பாத்திருக்கீங்களா?"

"கேக்கு மேல இருக்குமே."

"அது சாயம் போட்ட களாக்காய்ங்க."

"எதுவா இருந்தா என்ன? நீ சொல்லிடு. உனக்குத் தண்ணி கிடைச்சா சரி" என்றார். இந்த மனுஷனுக்காகவாவது வாயைப் பொத்திக்கொண்டு பாஸ் பண்ணிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஒப்பீட்டு மாலைக்கு வெள்ளை உடை கட்டாயம். சிந்தினால் தெரிய வேண்டுமாம். நான் வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டேன். வாசலில் செயலாளர் எங்களைக் கழுத்துப் பக்கம் மோந்து பார்த்தார். வாசனைத் திரவியம் பூசியிருந்தால் உள்ளே விட மாட்டார்களாம்.

"சோப்பு வாசனை வருதே?"

"குளிச்சேன் சார்."

"அடுத்த தடவை வேண்டாம்" என்று மன்னித்து அனுப்பினார்.

பெரிய கூடம். கனமான திரைச்சீலைகள். ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு, அதற்கு அந்தப் பக்கம் நான் கேட்ட தண்ணீர் மாலை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. நீளமான மேஜையைச் சுற்றி வெள்ளையாகப் பத்துப் பன்னிரண்டு பேர். யாருடைய எழவுக்கோ வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும், ருசி பார்த்த ஒயினைத் துப்புவதற்கு ஒரு வெள்ளிப் பாத்திரம். சாலையில் துப்பாதே, கார் ஜன்னல் வழியாகத் துப்பாதே என்று சொல்லிச் சொல்லியே நான் நாக்குத் தேய்ந்தவள். இங்கே துப்புவதற்கு வயது வரிசை வைத்திருந்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். எனக்குத் தெரிந்த பல் டாக்டர். என்னிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஊரே வாயைத் திறந்து காட்டுகிற டாக்டர், பின்பக்கமாக வண்டியை எடுக்கச் சொன்னால் மட்டும் கண்ணில் தண்ணீர் விடுவாள்.

"அக்கா, நீங்க எங்க இங்க?" என்று கிசுகிசுத்தாள். "ஒண்ணு சொல்றேன் கேளுங்க. எதுவும் புரியலேன்னா தலையை மட்டும் ஆட்டுங்க. இங்க எல்லாரும் அதைத்தான் பண்றோம்."

அதற்குள் தலைவர் வந்துவிட்டார். எல்லோரும் எழுந்து நின்றோம். பெரிய இலாகா ஒன்றில் உச்சிப் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கிளப்பில் அவருக்கு மூக்கர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பட்டப்பெயர் என்றுதான் நினைத்தேன். இல்லை, அவரே விரும்பி வைத்துக்கொண்டதாம். மூக்கும் பதவிக்குத் தகுந்த மூக்குதான்.

"நண்பர்களே" என்று ஆரம்பித்தார். "இந்தக் கிளப்புல முழுக் கருத்துச் சுதந்திரம் உண்டு. முதல்ல நான் என் கருத்தைச் சொல்வேன். அதுக்கப்புறம் யார் வேணும்னாலும் தாராளமா, பயமில்லாம, அதே கருத்தைச் சொல்லலாம்."

கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்.

பிறகு விதிகளைச் சொன்னார். கோப்பைகள் எல்லாம் கன்னங்கரேலென்று கறுப்புக் கண்ணாடி. உள்ளே இருப்பதன் நிறத்தைப் பார்த்து மூக்கு ஏமாந்துவிடக் கூடாதாம். ஊற்றும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஊற்றுகிற சத்தத்துக்கு மேல் மனத்தை எழுப்ப வேண்டுமாம். பரிமாறுகிறவர் தலைவர் உத்தரவில்லாமல் ஊற்றக் கூடாது. கூடத்துக்குள் வாயையே திறக்கக் கூடாது. அவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். பக்கத்துச் சிறு மேஜையில் மூன்று கண்ணாடிக் குடுவைகளில் ஒயின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. காற்றுப் பட ஊற்றி வைத்தால் ஒயின் மூச்சு விடும் என்பதை என் வீட்டுக்காரர் முன்னமே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்தக் கூடத்தில் தாராளமாக மூச்சு விட்டது அது ஒன்றுதான்.

முதல் கோப்பை போர்தோ. மூக்கர் உத்தரவு கொடுத்தார். கண்ணை மூடினோம். களக் களக்கென்று ஊற்றும் சத்தம் கேட்டது. வாயில் வைத்தேன். பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி நாக்கு இழுத்துக்கொண்டது. என் முறை வந்ததும் துப்பினேன்.

மூக்கர் கண்ணைத் திறந்தார். "போர்தோ ஒரு நல்ல நிர்வாகி. உள்ள வந்ததும் நாக்கு எழுந்து நிக்கும். வாய் வறளும். நான் வேலையில இருந்தப்போ என் ரூமுக்குள்ள வர்றவங்களுக்கெல்லாம் இப்படித்தான் வறண்டுபோகும். மனு குடுக்க வந்தவன் என்ன கேக்க வந்தோம்னே மறந்துடுவான். அதுதான் கட்டமைப்பு."

"கட்டமைப்பு" என்றார்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக. செயலாளர் மட்டும் "நல்ல கட்டமைப்பு" என்றார். மூக்கர் திரும்பிப் பார்த்ததும் 'நல்ல'வைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது ரோன். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதுமே மிளகு ஏறியது. எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. துப்புவதற்கு மனசே வரவில்லை. ஆனால் திரும்பி வண்டி ஓட்ட வேண்டியவள் நான்தான். குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொடுகிற வழக்கம் என்னிடம் கிடையாது.

"ரோன் வெயில்ல வளர்ந்தவன்" என்றார் மூக்கர். "மிளகு, புகை, தோல். போர்தோ மாதிரி மரியாதை தெரியாது. சத்தம் ஜாஸ்தி. நல்ல காண்ட்ராக்டர் மாதிரி. ஆனா வெறுங்கையோட வரமாட்டான். வேண்டியதைக் கொண்டுவந்து மேஜை மேல வச்சுட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பான். என் சர்வீஸ்ல இந்த மாதிரி எத்தனையோ ரோன் பாத்திருக்கேன்."

"வெறுங்கையோட வரமாட்டான்" என்றார்கள் எல்லோரும் பக்தியோடு. என் வீட்டுக்காரரும் சொன்னார். தபால் ஆபீஸில் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காத மனிதர்.

பிறகு பர்கண்டி. அதன் பெயரைச் சொன்னதுமே எல்லோரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மூக்கர் பரிமாறுகிறவரைப் பார்த்து, "கிளாசை வை. பர்கண்டி இன்னும் மூச்சு விட்டு முடிக்கலை. நான் சொல்றப்போ ஊத்தினா போதும்" என்றார். பிறகு எங்களிடம் திரும்பி, "கண்ணை மூடுங்க. பர்கண்டிக்கு மட்டும் முதல்ல மூக்கு. வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது. கடைசியில நான் மணி அடிச்சா ஆளுக்கு ஒரு சொட்டு" என்றார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். பக்கத்தில் ஒருவர் ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது இரண்டு கண்ணையும் மூடுகிற பழக்கம் என் தொழிலில் கிடையாது. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். பரிமாறுகிறவர் காலிக் கோப்பைகளை ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தார். திரும்பிப்போய்க் குடுவைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். உத்தரவுக்குக் காத்திருந்தார்.

உத்தரவு வரவில்லை. கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்ததில் மூக்கர் அதை மறந்தே போய்விட்டார். எதிரே கோப்பை வந்துவிட்டது. அது போதும் அவருக்கு. எடுத்தார், சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார். தோள் சிலிர்த்தது.

நான் என் கோப்பையைத் தூக்கினேன். உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. இதுவும் சடங்கில் ஒன்றோ என்று திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

"ஆஹா" என்றார் மூக்கர். "இந்த வருஷம் எவ்வளவு அடக்கம் பாத்தீங்களா? போர்தோ தன்னைக் காட்டிக்கும். ரோன் கத்தும். பர்கண்டி அப்படியில்லை. ஒரு முக்கியமான ஃபைல் மாதிரி. இருக்கும். ஆனா தேடறவன் கண்ணுக்குப் படாது. அப்படி ஃபைலை வைக்கத் தெரிஞ்சவன்தான் அதிகாரி. சொல்லுங்க, ஒவ்வொருத்தரா."

"ஈர மண்ணு" என்றார் ஒருவர். "மழை விட்ட காலை" என்றார் இன்னொருவர். "இருந்தும் இல்லாத ஒரு செர்ரி" என்றார் செயலாளர், கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டு. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். இங்கே கேட்கிறவர்களே கரண்டியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

என் முறை வந்தது. மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய், "சார், இதுல ஒண்ணுமில்லைங்க" என்றேன்.

மூக்கர் மேஜையைத் தட்டினார். "பாத்தீங்களா! புதுசா வந்தவங்க எப்படிப் பிடிச்சாங்க பாருங்க. ஒண்ணுமில்லை! அதுதான் பர்கண்டியோட உச்சம். இந்தம்மா பாஸ்."

மேஜைக்கு அடியில் என் வீட்டுக்காரர் என் காலை அழுத்தினார். போதும், வாயை மூடு என்று அர்த்தம். மூடிக்கொண்டேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தெரிந்தது. நாளைக்கே வந்து இறங்கிவிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்? நான் ஏன் பேச வேண்டும்?

அடுத்தது பல் டாக்டர். நான் பாஸானதைப் பார்த்து அவளுக்கும் தைரியம் வந்துவிட்டது போலிருக்கிறது. "எனக்கும் ஒண்ணுமே தெரியலை சார்" என்றாள்.

மூக்கர் முகம் மாறியது. "உங்களுக்கு எப்படித் தெரியும்? நாள் பூரா கிராம்பு எண்ணெயை மோந்துக்கிட்டிருக்கற மூக்கு. போன வருஷமும் இப்படித்தான். இந்த மேஜையில உட்கார ஒரு தகுதி வேணும்மா. எழுந்து போய் அந்தப் பெஞ்சுல உட்காருங்க. உங்க உறுப்பினர் பதவியைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

அவள் எழுந்தாள். உதடு துடித்தது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது துடிக்கிற அதே உதடு. கேள்வி கேட்கிறவர்கள் பெஞ்சை நோக்கி, இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நடந்தாள். அவள் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றுதான். எனக்குப் பாஸ், அவளுக்குப் பெஞ்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் இருங்க சார்" என்று எழுந்தேன். முழங்கால் சத்தம் போட்டது, போடட்டும். "அவ மூக்கு நல்லாத்தான் இருக்கு. கிளாஸ்ல ஒயினே இல்லை. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? உங்க பர்கண்டி அதோ, குடுவையில அப்படியே இருக்கு. ஊத்தச் சொல்ல மறந்துட்டீங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குடுவை கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது. பரிமாறுகிறவர் நேராகப் பார்த்தபடி நின்றார்.

பொறாமைப்படும்படி ஒரு நிதானம் மூக்கருக்கு. சிரித்தார். "ஒயின் இந்த ரூமுக்குள்ளதானே இருக்கு? ரூமுக்குள்ள இருந்தா கிளாசுக்குள்ள இருக்கற மாதிரிதான். நான் வேலை பாத்த காலத்துல எத்தனை பாலம், எத்தனை ரோடு இப்படி இருந்திருக்கு தெரியுமா? காகிதத்துல இருந்தா இருக்குன்னுதான் அர்த்தம். யாரும் வந்து குனிஞ்சு பாத்துக்கிட்டிருக்கலை. இருந்தாலும் இது ஜனநாயகக் கிளப். வாக்கெடுத்துடலாம். மூணாவது கிளாஸ் நிறைஞ்சிருக்குன்னு நினைக்கறவங்க கையைத் தூக்குங்க."

என் கையைத் தவிர மேஜையில் அத்தனை கையும் எழுந்தது. கோப்பை நிறைந்திருப்பதாகத் தீர்மானம் நிறைவேறியது.

நான் என் கோப்பையை எடுத்துத் தலைக்கு மேலே கவிழ்த்தேன். வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே இருந்தது.

"வாக்கெடுப்புக்கு அப்புறம் கவுத்தது விதிமீறல்" என்றார் செயலாளர்.

மூக்கர் கையமர்த்தினார். என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். குரலில் தேன் வழிந்தது. "சார், உங்க வீட்டம்மாவுக்கு மூக்கு கிடையாது. உங்களுக்கு இருக்கு. ஒரு குடும்பத்துக்கு ஒரு மூக்கு போதும்னு விதியில இடமிருக்கு. நீங்க சொல்லுங்க. மூணாவது கிளாஸ்ல என்ன? சரியாச் சொன்னா நாளைக்கே குளத்தைத் திறந்துவிடச் சொல்றேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கே தெரியவில்லை நான் எதை விரும்பினேன் என்று. சொல்லித் தொலையுங்கள், செர்ரி என்று ஒரு வார்த்தை, என் கால் பிழைக்கும் என்று ஒரு பக்கம். சொன்னால் உங்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று இன்னொரு பக்கம். அவர் மெல்ல எழுந்தார். கோப்பைக்குள் மூக்கை விட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பல் டாக்டரைப் பார்த்தார். என் முழங்காலைப் பார்த்தார்.

"சார், ஒரு மாசமா மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன்" என்றார். "ஈர மண்ணு, காளான், தூரத்துல செர்ரி. எல்லாம் என் நாக்கு நுனியில இருக்கு சார். ஆனா கிளாஸ்ல இல்லையே."

மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கத் தெரியாத மனுஷன். எனக்கு அவரை அங்கேயே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"உறுப்பினர் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது" என்றார் மூக்கர். தேன் வற்றிவிட்டது. "திரவத் தேர்ச்சி கிடையாது. இந்தக் கிளப்புல ஒரு சொட்டுத் திரவத்தைக்கூட நீங்க தொட முடியாது. போகலாம்."

"போறோம்" என்றேன். "என்னங்க, என் செருப்பைப் பிடிங்க."

செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, வாசல் பக்கம் போகாமல் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. திரும்பிப் பார்க்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். எனக்கு ஆழம் தெரியும். ஓரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு, படிப்படியாக இறங்கினேன்.

அப்பாடா. இடுப்பளவு தண்ணீரில் உடம்பின் பாரம் எங்கேயோ போய்விட்டது. ஓர் எட்டு வைத்தேன். இன்னோர் எட்டு. முழங்காலில் அரைக்கிற சத்தம் இல்லை.

எல்லோரும் கறுப்புக் கோப்பையும் கையுமாகக் கரையில் வந்து கூடிவிட்டார்கள்.

"வெளிய வாங்க! நீங்க உறுப்பினர் இல்லை!" என்று செயலாளர் கத்தினார்.

"தெரியுமே. இப்பத்தானே சொன்னீங்க. நீங்க உறுப்பினர்தானே, இறங்கி வந்து இழுத்துட்டுப் போங்க."

செயலாளர் தன் வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்தார். பிறகு மூக்கரைப் பார்த்தார். "மணி அடிச்சு இந்த வருஷத் தேர்ச்சியை இன்னும் யாருக்கும் குடுக்கலையே சார். விதிப்படி நம்மளாலயும் இறங்க முடியாது."

"அந்தத் தண்ணிக்குன்னு ஒரு மரியாதை இருக்கும்மா!" என்றார் மூக்கர்.

"இருக்கு சார். உள்ள வந்தாத்தான் தெரியுது."

கரையிலேயே அவசரக் கூட்டம் போட்டார்கள். ஒருவர் போலீஸைக் கூப்பிடலாம் என்றார். போலீஸ்காரர் இறங்கினால் அவருக்கும் தேர்ச்சி வேண்டும், அவர் ஒயின் ஒப்பிட அடுத்த வருடம்தான் முடியும் என்றார் செயலாளர். என் வீட்டுக்காரர் செருப்பை மார்போடு அணைத்தபடி, "மெதுவாம்மா, மெதுவா திரும்பு" என்று சொல்லிக்கொண்டே கரையில் கூடவே நடந்தார். கடைசியில் மூக்கர் கோப்பையை உயர்த்தி எல்லோரையும் அமைதிப்படுத்தினார்.

"இதுல குழப்பமே இல்லை. திரவத் தேர்ச்சி இல்லாம யாரும் குளத்துல இறங்க முடியாது. இது விதி. அந்தம்மாவுக்குத் தேர்ச்சி கிடையாது. இது நம்ம தீர்மானம். அப்போ அவங்க குளத்துல இல்லை. அவ்வளவுதான். குளத்துல யாரும் இல்லைன்னு நினைக்கறவங்க கையைத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. பல் டாக்டர் மட்டும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு வாக்கு எதிர்ப்போடு, குளத்தில் யாரும் இல்லை என்று தீர்மானம் நிறைவேறியது. எல்லோரும் திருப்தியாக உள்ளே போனார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். பரிமாறுகிறவர் குடுவைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

மறுநாளும் போனேன். வாசலில் செயலாளர் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தார். இல்லாதவளை எப்படி வெளியே அனுப்புவது? அதற்கு விதி கிடையாது. அதிலிருந்து கார் வகுப்புகள் முடிந்ததும் தினமும் போகிறேன். கொஞ்ச நாளில் பல் டாக்டரும் வந்து இறங்கினாள். அவளையும் வாக்கெடுத்து இல்லாமலாக்கினார்கள். பிறகு என் வீட்டுக்காரரும் கால்சட்டையை முட்டிக்கு மேலே சுருட்டிக்கொண்டு படியில் உட்கார ஆரம்பித்தார். இப்போது அந்தக் குளத்தில் மூன்று பேர் இல்லை. எலும்பு டாக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கத்தியைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை.

மூக்கர் தினமும் மாலையில் கரைக்கு வந்து, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் இல்லாத தண்ணீரை ரசிக்கிறார். நேற்று அவர் நாற்காலிக்கு நேராக நின்றுகொண்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, இடது காலை முழுசாக மடக்கி, ஓங்கி ஓர் உதை உதைத்தேன். தண்ணீர் எழும்பி அவர் மூக்கிலிருந்து பூட்ஸ் வரைக்கும் நனைத்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. துளி மேகமில்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மழை வரும்போல இருக்கே" என்றார் செயலாளரிடம்.

"ஆமா சார், நல்ல மழை" என்றார் அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

நான் மறுபடியும் காலை மடக்கினேன்.